பதினோரு மாச அக்ரிமென்ட், பத்து வருஷ ஏ.சி.

பல்லடத்தைத் தாண்டி காங்கேயம் ரோட்டில் போனால் பொங்கலூர் வரும். தென்னந்தோப்பு, கோழிப்பண்ணை, தடதடக்கும் விசைத்தறி, தூரத்தில் மெதுவாகச் சுற்றும் காற்றாலை... எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கிற ஊர். அங்கே ஒரு மாடி வீட்டை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஓனர் கீழே. மேலே வாடகைக்கு ஒரு குடும்பம். படுக்கையறையில் ஓனர் 2012-ல் மாட்டிய ஒன்றரை டன் ஏ.சி. ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் ராத்திரி அது காற்றை மட்டும் தருகிறது. குளிரைக் காணோம். மறுநாள் காலையில் மாடிப்படியில் நடக்கும் பேச்சு வார்த்தை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

"ஏனுங்க, ஏ.சி.ல வெறுங்காத்துத்தானுங்க வருது..."

"கேஸ் போட்டாச் சரியாப் போயிருமுங்க. போன வருசமும் அப்பிடித்தான போச்சு?"

"அதத்தானுங்க நானும் சொல்றேன். வருசா வருசம் இதுக்குச் செலவு பண்றதுக்குப் புதுசா ஒண்ணு மாட்டிரலாமில்லீங்க?"

"மாட்டலாமுங்க. வாடகையக் கொஞ்சம் சேத்திக் குடுத்தீங்கன்னா..."

பேச்சு அங்கே நின்றுவிடும். ரிப்பேரா, புதுசா என்பது மெக்கானிக் சொல்ல வேண்டிய பதில் என்று நினைக்கிறோம். மெக்கானிக் பாவம், அவருக்குத் தெரிந்தது காயில், கம்ப்ரஸர், கேஸ். நிஜமான கேள்வி வேறு. இந்த மெஷினுக்கு யார் காசு கொடுப்பது? இந்தக் கேள்விக்கு ஏ.சி.யின் வயது. இன்னும் சொல்லப்போனால் ஏ.சி.யைவிடக் கொஞ்சம் கூடுதல்!

1840-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அப்பலாச்சிகோலா என்கிற துறைமுக ஊர். அங்கே ஜான் கோரி என்று ஒரு டாக்டர். காய்ச்சலில் கிடக்கும் நோயாளிகளின் அறையைக் குளிர வைத்தால் பிழைப்பார்கள் என்று நம்பினார். கூரையிலிருந்து ஐஸ் பாத்திரத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தார். ஐஸ் வடக்கேயிருந்து கப்பலில் வர வேண்டும். (நம்ம மெட்ராஸுக்கும் அப்படித்தான் வந்தது. பாஸ்டனிலிருந்து கப்பலேறி வந்த ஐஸைப் பத்திரப்படுத்தக் கட்டியதுதான் மெரினாவில் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கும் ஐஸ் ஹவுஸ்.) கப்பலை நம்பிப் பிரயோஜனமில்லை என்று கோரி ஐஸ் செய்யும் இயந்திரத்தையே செய்துவிட்டார். 1851-ல் காப்புரிமையும் கிடைத்தது. ஆனால் பணம் போட ஆள் கிடைக்கவில்லை. நம்பியிருந்த கூட்டாளி செத்துப்போனார். ஊர் சிரித்தது. 1855-ல் கோரியும் போய்ச் சேர்ந்தார்.

நோயாளிக்குக் குளிர்ச்சி தேவைதான். ஆனால், நோயாளி குளிர்ந்தால் யாருக்கு லாபம்? அந்த வரி கணக்குப் புத்தகத்தில் எங்கே ஏறும்? எங்கேயும் ஏறாது. அதனால் காசு வரவில்லை.

சரியாக 47 வருஷம் கழித்துக் காசு வந்தது. 1902, நியூயார்க்கின் புரூக்ளின். சாக்கெட் அண்ட் வில்ஹெல்ம்ஸ் என்கிற அச்சகம். 'ஜட்ஜ்' என்ற நகைச்சுவைப் பத்திரிகையைக் கலரில் அடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கலராக, ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்க வேண்டும். கோடை மாதங்களில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் காகிதம் விரியும், மறுநாள் சுருங்கும். சிவப்பு ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம் விழும். ஒரு பத்திரிகைக்காரனாக அந்த மேனேஜரின் வயிற்றெரிச்சல் எனக்கு நன்றாகவே புரிகிறது. (மழை குறைந்த, காய்ந்த ஊரான சிவகாசி அச்சுத் தொழிலுக்கு ராசியான ஊரானது ஏன் என்பதும் இதில் புரிந்துவிடும்.)

வேலை 25 வயது இன்ஜினீயர் ஒருவரிடம் வந்தது. பெயர் வில்லிஸ் கேரியர். ஜூலை மாதம் வரைபடம் தயாரானது. குளிர்ந்த குழாய்கள்மேல் காற்றை ஓட்டி, ஈரத்தைப் பிடுங்கும் ஏற்பாடு. அறை குளிர்ந்தது என்பது உபரி லாபம். அங்கே வேலை பார்த்தவர்களின் வியர்வையைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. முதல் நவீன ஏ.சி. காகிதத்துக்காக மாட்டப்பட்டது.

அடுத்த பெரிய வாடிக்கையாளர் யார் என்று கேட்டால் திருப்பூர்க்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். நூல்!

'ஏர் கண்டிஷனிங்' என்கிற பெயரையே வைத்தவர் ஒரு ஜவுளி இன்ஜினீயர். வட கரோலினாவைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கிராமர். நூலுக்கு ஈரம் ஏற்றிப் பக்குவப்படுத்துவதை மில்களில் 'கண்டிஷனிங்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கும் கோயமுத்தூர், பல்லடம் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் அந்த வார்த்தை புழங்குகிறது. நூலைக் கண்டிஷன் பண்ணுவதுபோலக் காற்றையும் பண்ணலாமே என்று 1906-ல் பஞ்சாலை அதிபர்களின் கூட்டத்தில் கிராமர் பேசினார். பெயர் ஒட்டிக்கொண்டது. அதே வருஷம் கேரியரின் மெஷினும் வட கரோலினாவில் பெல்மான்ட் என்ற ஊரின் பஞ்சாலைக்குப் போனது. அடுத்த வருஷம் ஜப்பானில் யோகோஹாமாவின் பட்டு மில்லுக்கு.

மில்காரர்கள் ஏன் ஓடி வந்து வாங்கினார்கள்? பஞ்சு தன் எடையில் எட்டரை சதவிகிதம் வரை ஈரத்தை வைத்துக்கொண்டிருந்தால்தான் அதற்கு உயிர். காற்று காய்ந்தால் நூல் முறுகி அறும். மின்னேற்றம் பிடித்துப் பஞ்சு மெஷினில் ஒட்டும். இருக்கிற ஈரமும் போய்விட்டால் எடை குறையும். நூல் எடை போட்டு விற்கிற சரக்கு அல்லவா? நூல் அறுந்தால் நஷ்டம், எடை குறைந்தால் நஷ்டம். இரண்டும் அன்றைக்கு சாயங்காலமே கணக்கில் தெரிந்துவிடும். கோரியின் நோயாளிக்குக் கிடைக்காத மரியாதை நூலுக்குக் கிடைத்ததற்கு இதுதான் காரணம்.

லங்காஷையரில் இது தலைகீழாக நடந்தது. அங்கே தறி ஓடும் ஷெட்டுக்குள் நீராவியைப் பாய்ச்சினார்கள். நூலுக்கு சுகம். நெய்கிறவர்களுக்கு நரகம். நெசவாளர்கள் போராடி, 1889-ல் பிரிட்டிஷ் பார்லிமென்ட் தனிச் சட்டமே போட்டு, எத்தனை டிகிரி சூட்டில் எவ்வளவு ஈரம்வரை ஏற்றலாம் என்று அட்டவணை கொடுத்தது. அந்தக் கவலையின் வாரிசு நம்ம 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறது. அதன் 15-வது பிரிவு செயற்கையாக ஈரமேற்றுவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. ஈரமேற்றப் பயன்படுத்தும் தண்ணீர் குடிதண்ணீராகவோ சுத்திகரித்ததாகவோ இருக்க வேண்டுமாம்.

கோவை வட்டாரத்துக்கு வருவோம். 1888-ல் ஸ்டேன்ஸ் துரை முதல் பஞ்சாலையை வைத்தார். அது ஒற்றை மரமாகத்தான் நின்றது. 1932-ல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து கரன்ட் இறங்கி வந்த பிறகுதான் காடு முளைத்தது. வரிசையாக மில்கள். பருத்தி விளையும் மண், பைக்காரா கரன்ட், பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்று என்று மூன்றையும் சேர்த்துத்தான் 'கோயமுத்தூர் கிளைமேட்' என்று பெருமை பேசினார்கள்.

அந்தக் காற்றை லேசாக நினைக்காதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலைச் சுவரில் ஓட்டை விட்டதுபோல இருக்கும் கணவாய் அது. ஆடி மாதம் பொங்கலூர், உடுமலைப் பக்கம் நின்று பார்த்தால் வேட்டி நிற்காது. காற்றாலைகள் அங்கே குவிந்ததற்கும் அதுதான் காரணம். ஏ.சி. என்பதே அந்தப் பக்கத்தில் கல்யாண மண்டபத்துக்கும் பேங்க் மேனேஜர் ரூமுக்கும் உரியதாக இருந்தது. பிறகு ஓட்டு வீடுகள் போய் கான்கிரீட் வந்தது. மொட்டை மாடி பகலெல்லாம் சூட்டைக் குடித்து ராத்திரி முழுக்கக் கக்கியது. அடுத்தடுத்து வீடு எழும்பி, காற்று வரும் ஜன்னலை எதிர்வீட்டுச் சுவர் மறைத்தது. மேல்மாடி வீட்டுக்கு ஏ.சி. வந்து சேர்ந்தது இப்படித்தான்.

அமெரிக்காவில் வீட்டுக்கு முதலில் வந்த ஏ.சி. பற்றி ஒரு கதை உண்டு. 1914-ல் மினியாபொலிஸ் நகரத்தில் சார்லஸ் கேட்ஸ் என்ற கோடீஸ்வரரின் மாளிகையில் மாட்டினார்கள். அறை அளவுக்கு மெஷின். கேட்ஸ் அதற்கு முந்தைய வருஷமே இறந்துவிட்டார். காசு கொடுத்தவர் ஒருவர், குளிரை அனுபவிப்பவர் இன்னொருவர் என்கிற விதி வீட்டு ஏ.சி.யின் ஜாதகத்திலேயே இருக்கிறது போலும்.

சினிமா தியேட்டர்காரர்கள்தான் இதை அழகாகத் தீர்த்தார்கள். 1925-ல் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டரில் கேரியர் தன் மெஷினை ஓட்டிக் காட்டினார். கோடையில் ஈயாடிய தியேட்டர்களில் கூட்டம் குவிந்தது. குளிருக்கான செலவு டிக்கெட்டிலேயே வந்துவிட்டது. நம்ம ஊர் தியேட்டர் வாசல்களிலும் 'முழுவதும் குளிர்சாதன வசதி செய்யப்பட்டது' என்ற போர்டு டிக்கெட்டுக்குக் கூடக் காசு கேட்கும் நோட்டீஸ்தானே! போடுகிறவரும் பில் கட்டுகிறவரும் வசூல் பண்ணுகிறவரும் ஒரே ஆள். சிக்கலே இல்லை.

வாடகை வீட்டில் இந்த மூன்று பேரும் பிரிந்துவிடுகிறார்கள். வாங்குகிறவர் ஓனர். பில் கட்டுகிறவர் வாடகைக்காரர். ஓனருக்கு மலிவான மெஷின் போதும். ஏனென்றால், அது குடிக்கிற கரன்ட் அவர் பாக்கெட்டிலிருந்து போவதில்லை. வாடகைக்காரருக்கு நல்ல மெஷின் வேண்டும். ஏனென்றால், வாங்குகிற காசு அவருடையது இல்லை. இரண்டு பேருமே கெட்டவர்கள் இல்லை. கணக்கு அப்படி.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் கிடைத்தது. பி.காம். படித்தவர்களுக்கு 'தேய்மானம்' என்றால் உயிர். ஒவ்வொரு வருஷமும் சொத்தின் மதிப்பில் கழித்துக்கொள்ளும் தொகை. சட்டப் புத்தகத்திலும் அதே வார்த்தை வேறு வேஷத்தில் நிற்கிறது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவு, வாடகைக்காரர் வீட்டை எப்படி வாங்கினாரோ அப்படியே திருப்பித் தர வேண்டும், நியாயமான தேய்மானம் தவிர என்கிறது. ஓனர் செய்தாக வேண்டிய ரிப்பேரை நோட்டீஸ் கொடுத்தும் செய்யாவிட்டால், வாடகைக்காரரே செய்துவிட்டு வாடகையில் வட்டியோடு கழித்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. ஆனால், எது ஓனர் 'செய்தாக வேண்டிய' ரிப்பேர்? அது உங்கள் ஒப்பந்தத்தைப் பொறுத்தது! கேரியர் ஐந்து வயதுப் பையனாக இருந்தபோது எழுதிய சட்டம். அதில் ஏ.சி.யைத் தேட முடியாது.

ஏ.சி.யைப் பெயர் சொல்லி அழைத்தது 1960-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். நியாய வாடகையைக் கணக்கிடும்போது சேர்த்துக்கொள்ள வேண்டிய வசதிகள் என்று ஓர் அட்டவணை உண்டு. லிஃப்ட், மொசைக் தரை, தோட்டம், மேல்நிலைத் தொட்டி எல்லாம் அதில் வரும். முதல் இடத்தில் யார் தெரியுமா? ஏர் கண்டிஷனர்! இடத்தின் மதிப்பு, கட்டடச் செலவு, வசதிகளின் செலவு மூன்றையும் கூட்டி, குடியிருப்பு என்றால் வருஷத்துக்கு 9 சதவிகிதம் வாடகை என்பது அன்றைய கணக்கு. வசதிகளுக்கு உச்சவரம்பு 15 சதவிகிதம். அதாவது, ஏ.சி.யைக் காட்டி ஓனர் கூடுதல் வாடகை கேட்கலாம், ஆனால் அளவோடு என்று சட்டமே ஒரு விலை வைத்திருந்தது. பெரும்பாலான ஓனர்களுக்கும் வாடகைக்காரர்களுக்கும் இது தெரியாமலேயே அந்தச் சட்டம் காலாவதியாகிவிட்டது.

அதற்குப் பதிலாக வந்தது 2017-ஆம் வருஷத்துச் சட்டம். 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை வேலைகளைப் பாகம் பிரிக்கிறது. கட்டட ரிப்பேர், வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் ஓனர் தலையில். குழாய் வாஷர், கீஸர் ரிப்பேர், சுவிட்ச், மின்சாதனங்களின் ரிப்பேர், மாற்று ஆகியவை வாடகைக்காரர் தலையில். ஓனரே மாட்டிக் கொடுத்த ஏ.சி. ஆயுள் முடிந்து செத்தால் அதை வாடகைக்காரர் மாற்ற வேண்டுமா? கண்ணை மூடிக்கொண்டு படித்தால் 'ஆமாம்' என்றுதான் வருகிறது. என்னைக் கேட்டால் இது அநியாயம். மாற்றிய மெஷின் யாருடைய சொத்து? காலி பண்ணும்போது கழற்றிக்கொண்டு போகலாமா? இதையெல்லாம் ஒப்பந்தத்தில் எழுதாமல் கையெழுத்துப் போட்டால் பிற்பாடு வாக்குவாதம்தான்.

இதில் இன்னொரு கூத்து. புதுச் சட்டம் நகர்ப்புறங்களுக்கானது. திருப்பூர் மாநகராட்சிக்குள் இருந்தால் 2017. ஊராட்சியான பொங்கலூரில் இருந்தால் மறுபடி 1882! நடுவில் ஒரு பஸ் பயணம்தான் தூரம்.

வருமான வரியும் தன் பங்குக்கு விளையாடுகிறது. வாடகை வருமானத்தில் ரிப்பேருக்கென்று 30 சதவிகிதத்தை அப்படியே கழித்துக்கொள்ளலாம் என்று 2001-ஆம் வருஷ நிதிச் சட்டம் கொண்டுவந்தது. இன்றுவரை அதே 30. பில் காட்ட வேண்டாம். செலவு செய்தாலும் 30, ஒரு ரூபாய் செலவு செய்யாவிட்டாலும் 30. அப்புறம் எதற்கு ஓனர் புது ஏ.சி. வாங்குவார்? அதே ஏ.சி.யை மில்லுக்குள் மாட்டுங்கள். அது தொழில் சொத்து. வருஷா வருஷம் தேய்மானம் கழிக்கலாம். நூலைக் குளிர வைத்தால் வரிச் சலுகை, வாடகைக்காரரைக் குளிர வைத்தால் கிடையாது. 1902-ல் ஆரம்பித்த பாரபட்சம் இன்னும் தொடர்கிறது பாருங்கள்.

சரி, அந்த 2012 மெஷினுக்கு வருவோம். மெக்கானிக் வந்து வெளியே இருக்கும் பெட்டியைப் பார்க்கிறார். பக்கவாட்டு ஸ்டிக்கரில் ஆர்-22 என்று இருக்கிறது. அந்த எழுத்துக்குப் பின்னால் ஒரு தனிச் சரித்திரம் உண்டு.

ஆரம்பகாலக் குளிர்பெட்டிகளில் அமோனியா, சல்ஃபர் டை ஆக்ஸைடு மாதிரி விஷ வாயுக்கள் ஓடின. கசிந்தால் ஆளே காலி. 1928-ல் அமெரிக்க ரசாயன நிபுணர் தாமஸ் மிட்ஜ்லி, விஷமில்லாத, தீப்பிடிக்காத வாயு ஒன்றைக் கண்டுபிடித்தார். 1930-ல் மேடையில் அதை மூக்கால் இழுத்து, வாயால் ஊதி மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். கைதட்டல்! (பெட்ரோலில் ஈயம் கலந்தவரும் இதே புண்ணியவான்தான். கடைசியில், படுக்கையிலிருந்து எழுந்திருக்கத் தானே செய்துகொண்ட கயிறும் கப்பியும் கழுத்தை இறுக்கிச் செத்துப்போனார்.) அந்த வாயுக் குடும்பம் ஆகாயத்தில் ஓஸோனைத் தின்கிறது என்று 1974-ல் மொலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சொன்னார்கள். 1985-ல் அண்டார்டிகா மேலே ஓட்டை தெரிந்தது. 1987-ல் மான்ட்ரியலில் உலக நாடுகள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது.

ஆர்-22 அந்தக் குடும்பத்தில் கொஞ்சம் சாது. அதனால் கூடுதல் அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசமும் தீர்ந்துவிட்டது. புது மெஷின்களில் அதைப் போடுவது இந்தியாவில் 2024 முடிவோடு நின்றது. பழசுகளின் சர்வீஸுக்கு மட்டும் கிடைக்கிறது. அதுவும் 2030-க்குள் ஏறக்குறைய வற்றிவிடும். இப்போது வரும் மெஷின்களில் பெரும்பாலும் ஆர்-32. அதைப் பழைய மெஷினில் ஏற்ற முடியாதா? முடியாது. அதன் அழுத்தம் அதிகம், ஆயில் வேறு. மொத்த மெஷினும் வேறு.

இன்னொரு விஷயத்தையும் ஓனர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏ.சி. கேஸ், ஸ்கூட்டர் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற சமாசாரம் இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்துவிட்டது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைப் பார்த்து ஊதி அடைக்காமல் வருஷா வருஷம் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் சுமக்கிற வேலை. ஆர்-22 ஒரு கிலோ வெளியே போனால், பூமியைச் சூடாக்குவதில் கிட்டத்தட்ட 1,800 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்குச் சமம்.

இப்போது பேப்பரையும் பேனாவையும் எடுங்கள். மெஷினின் கரன்ட் செலவைக் கணக்கிட மின்சிக்கனத் துறைக்காரர்கள் வருஷத்துக்கு 1,600 மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறார்கள். பதினாலு வருஷப் பழசு 1,350 யூனிட் இழுக்கிறது, புது 5 ஸ்டார் 750 இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 600 யூனிட். (இந்த ஸ்டாரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. 2018-ல் 5 ஸ்டார் வாங்கிய அதே 4.5 திறன், 2022 ஜூலைக்குப் பிறகு 4 ஸ்டார். 2026 ஜனவரியில் மறுபடி இறுக்கியிருக்கிறார்கள். லேபிளில் போட்டிருக்கும் வருஷத்தைப் பாருங்கள்.) ஏ.சி. ஓடும் வீட்டில் கடைசியாக எரியும் யூனிட்தான் விலை அதிகம். ரீடிங் இரண்டு மாசத்துக்கு 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படி யூனிட்களின் விலையும் சேர்ந்து ஏறும். யூனிட் 8 ரூபாய் என்று போடுங்கள். வருஷத்துக்கு 4,800. மாசம் 400 ரூபாய் வாடகைக்காரருக்கு மிச்சம்.

ஓனர் பக்கம்? மெஷின் மாட்டுக்கூலியோடு 45,000 என்போம். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆக இறங்கியது ஒரு நல்ல செய்தி. பத்து வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 4,500. மாசம் 375. அந்தப் பழைய 1960 சட்டத்தின் 9 சதவிகிதக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வருஷத்துக்கு 4,050, மாசத்துக்கு 337 ரூபாய் 50 காசு. ஆக, வாடகையில் 350 ரூபாய் சேர்த்தால் இரண்டு பேருக்குமே பெரிதாகக் கை கடிக்காது.

அப்புறம் ஏன் மாடிப்படியில் பேச்சு நின்றுபோகிறது? ஒரு காரணம் அக்ரிமென்ட். ஒரு வருஷத்துக்கு மேல் போனால் ரிஜிஸ்டர் பண்ண வேண்டும் என்பது 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டம். ரிஜிஸ்டர் ஆபீஸ் அலைச்சலுக்குப் பயந்து ஊரே 11 மாசத்துக்குக் கையெழுத்துப் போடுகிறது. மெஷினுக்கு ஆயுள் பத்து வருஷம், உறவுக்கு ஆயுள் 11 மாசம். வாடகைக்காரர் 350 கூடுதலாகக் கொடுக்கச் சம்மதித்து அடுத்த வருஷமே ஈரோட்டுக்கு மாற்றலாகிப் போனால்? புதிதாக வருகிறவர் 'எனக்கு ஏ.சி.யே வேண்டாமுங்க, 350-ஐக் கொறைங்க' என்றால்? ஓனரின் பயம் வெறும் கஞ்சத்தனம் இல்லை.

இன்னொரு காரணம் மணிக்கணக்கு. பொங்கலூரில் யார் 1,600 மணி நேரம் ஓட்டுகிறார்கள்? மார்ச்சிலிருந்து மே வரை, ராத்திரி எட்டு மணி நேரம் என்றால் 90 நாளுக்கு 720 மணிதான் வருகிறது. ஜூனில் கணவாய்க் காற்று வந்துவிடும். மிச்சமும் பாதிக்குக் கீழே விழுந்துவிடும். 270 யூனிட், சுமார் 2,160 ரூபாய். மாசத்துக்கு 180. அதற்காக 45,000 போடச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை. கெபாசிட்டர் போயிருந்தால், ஃபேன் மோட்டார் எரிந்திருந்தால் யோசிக்காமல் ரிப்பேர் பண்ணுங்கள். ஒரே ஒரு கசிவு, கைக்கெட்டும் ஜாயின்ட்டில் என்றால் அதையும் அடைத்து இன்னும் ஒன்றிரண்டு கோடை ஓட்டலாம். காயிலே அரித்து, இரண்டாவது வருஷமாகக் கேஸ் இறங்குகிறது, அதுவும் ஆர்-22, அல்லது கம்ப்ரஸரே போய்விட்டது என்றால் அதற்குமேல் போடும் ஒவ்வொரு ரூபாயும் வீண். நைட் ஷிஃப்ட் முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள், கைக்குழந்தை, வயசானவர்கள் இருக்கிற வீடுகளில் மணிக்கணக்கு தானாக ஏறிவிடும். அங்கே கணக்கு முதலிலேயே புதுசின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இதே பல்லடம் வட்டாரத்தில் கோழிப்பண்ணைக்காரர்கள் இந்த முடிச்சை வேறு மாதிரி அவிழ்த்திருக்கிறார்கள். ஒப்பந்தப் பண்ணை முறையில் ஷெட்டும் கரன்ட் பில்லும் விவசாயியுடையது. குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையது. வெயிலில் கோழி செத்தால் கம்பெனிக்கு நஷ்டம். ஆனால் ஃபேன் போட வேண்டியது விவசாயி. அச்சு அசலாக நம்ம மாடி வீட்டுக் கதைதான்! அங்கே வளர்ப்புக் கூலியையே கோழியின் எடை, தின்ற தீவனம், செத்த எண்ணிக்கை மூன்றோடும் கட்டிவிட்டார்கள். நன்றாக வளர்ந்தால் கூலி கூடும், சாவு அதிகமானால் குறையும். நனைந்த பேட் வழியே காற்றை இழுத்துக் குளிர வைக்கும் மூடிய ஷெட்டுகள் அந்தப் பக்கம் எழும்பியிருக்கின்றன. கம்பெனிக்கும் விவசாயிக்கும் கூலித் தகராறு உண்டு, அது தனிக் கதை. ஆனால், ஃபேன் யார் போடுவது என்று அங்கே யாரும் மாடிப்படியில் நின்று பேசுவதில்லை.

வீட்டு ஒப்பந்தத்தில் அப்படிக் கட்ட நாலைந்து வரி போதும். மெஷின் யாருடையது, எந்த வருஷம் மாட்டியது, சர்வீஸ் யார் செலவு, எத்தனை ஆயிரத்துக்கு மேல் போனால் ஓனர் செலவு, கம்ப்ரஸர் போனால் என்ன செய்வது, மாற்றினால் வாடகை எவ்வளவு கூடும், குறைந்தபட்சம் எத்தனை வருஷம் இருப்பதாக வாக்கு. முத்திரைத்தாளில் அட்வான்ஸ் தொகையை எழுத்திலும் எண்ணிலும் எழுதுகிற நாம், ஃபேன் எத்தனை, டியூப் லைட் எத்தனை என்று எண்ணி எழுதுகிற நாம், அந்த வீட்டிலேயே விலை அதிகமான சாமானை 'ஏ.சி. - 1' என்று முடித்துவிடுகிறோம்.

எழுதாத வீடுகளில் என்ன நடக்கிறது? வாடகைக்காரர் தவணையில் தானே ஒன்று வாங்கி மாட்டிக்கொள்கிறார். ஓனரின் பழைய மெஷினைக் கழற்றி மொட்டை மாடியில் போடுகிறார்கள். சட்டப்படி அது மின்னணுக் கழிவு, முறையாகக் கொடுக்க வேண்டிய இடம் வேறு. ஆனால், வாசலுக்கு வருவது பழைய இரும்புக்காரர்தான். செம்புக் குழாயை எடை போட்டுக் காசு கொடுக்கிறார். வெட்டும்போது மிச்சமிருந்த ஆர்-22 புஸ்ஸென்று போய்விடுகிறது. இரண்டு வருஷம் கழித்து வாடகைக்காரர் காலி பண்ணும்போது தன் மெஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறார். அடுத்து வருகிறவர் சுவரிலிருக்கும் ஓட்டையைக் காட்டி, "இதுல பல்லி வருமுங்க, அடச்சுக் குடுத்துருங்க" என்கிறார். அதற்கு யார் சிமென்ட் வாங்குவது என்று பேச்சு ஆரம்பிக்கிறது.